கணக்குமேசையில் ஒருவர் மட்டுமே இருக்கும் பள்ளிக்கு க்னூகேஷ் பொருந்துமா?

ஒரு சிறிய பௌத்தத் தொடக்கப்பள்ளியில் நிதிக்கென்று ஒருவரும் நிர்வாகத்துக்கென்று வேறொருவரும் இருப்பது அரிது. கட்டணம் பெற்று ரசீது எழுதுபவரும், ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலைத் தயாரிப்பவரும், தானப் பெட்டியைத் திறந்து எண்ண ஏற்பாடு செய்பவரும், சேர்க்கைப் பதிவேட்டைக் காப்பவரும், கூரை ஒழுகினால் ஆளைத் தேடிப் பிடிப்பவரும் ஒரே ஆள்தான். அந்த ஆளாக இருந்து, மூன்று முழுக் கணக்காண்டுகள் க்னூகேஷ் என்னும் கணக்கு மென்பொருளில் எங்கள் பள்ளியின் ஏடுகளை எழுதிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தனிக் கணக்குப் பிரிவு வைத்திருக்கும் பெரிய பள்ளியினருக்கு இதில் பயன் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

க்னூகேஷ் ஒரு கட்டற்ற மென்பொருள்; அதாவது யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடியது. அதன் முதல் நிலையான பதிப்பு 1998இல் வெளிவந்தது; ஐந்தாம் வரிசைப் பதிப்பு 2023இல் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். உரிமக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் இல்லாததால், சந்தா முடிந்த மறுநாள் பழைய கணக்கைத் திறக்க முடியாமல் போகுமோ என்ற கவலையும் இல்லை. விலையில்லை என்று கேட்டவுடன் அறங்காவலர்கள் தலையசைத்துவிட்டார்கள். ஆனால் என்னை இழுத்த காரணம் வேறு. அதற்கு முன்பு நாங்கள் விரிதாளில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். விரிதாள் எதையும் மறுத்துப் பேசாது. சூத்திரம் இருந்த கட்டத்தின் மேல் யாரோ கைதவறி ஓர் எண்ணைத் தட்டிவிட்டால், அந்த எண்ணையே அது கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கும்.

க்னூகேஷ் இரட்டைப் பதிவு முறையில் மட்டுமே வேலை செய்கிறது; அதாவது ஒவ்வொரு தொகையையும் ஒரு பக்கம் பற்றாகவும் மறுபக்கம் வரவாகவும் எழுத வேண்டும். பற்றும் வரவும் சமமாகாத பதிவை அது அப்படியே ஏற்பதில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பிவிட்டு நகர்ந்தால், மீதித் தொகையைத் தானாகவே ‘இம்பேலன்ஸ்’ (சமமின்மை) என்ற கணக்கில் கொண்டுபோய் வைத்துவிடும். முதல் ஆண்டில் அந்தக் கணக்கு எனக்குப் பெரிய ஆசானாக இருந்தது. பெற்றோர் ஒருவர் கட்டணத்தையும் நூலக நன்கொடையையும் ஒரே தொகையாக வங்கியில் செலுத்தியிருந்தார். நான் கட்டணத்தை மட்டும் எழுதிவிட்டு மறந்துவிட்டேன். விரிதாளாக இருந்திருந்தால் அந்த வித்தியாசம் ஆண்டு இறுதியில், தணிக்கையாளர் வரும் வாரத்தில், தூக்கத்தைக் கெடுத்திருக்கும். இங்கே மறுநாள் காலையில் கணக்குப் பட்டியலைத் திறந்தபோதே அது கண்ணில் பட்டது. மாத இறுதியில் இம்பேலன்ஸ் கணக்கில் ஒன்றும் நிற்கக் கூடாது என்பதை அன்றிலிருந்து வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இனி, எங்களைப் போன்ற பள்ளிக்கு உயிர்நாடியான செய்திக்கு வருகிறேன். எங்களுக்கு வரும் பணத்தில் கணிசமான பகுதி ஏதோ ஒரு நோக்கத்தோடு வருகிறது. ஒருவர் தோட்டத்துக்கு என்று கொடுப்பார். இன்னொருவர் கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்கு என்று கொடுப்பார். மறைந்த தாயின் நினைவாகத் தியான அறையின் விரிப்புகளுக்கு என்று கொடுப்பவரும் உண்டு. எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில்தான் விழும். வங்கி அறிக்கையில் தெரியும் மொத்த இருப்பைப் பார்த்து, மின்கட்டணத்துக்குப் பணம் இருக்கிறது என்று நினைப்பது மிக எளிது. அந்த இருப்பின் பாதி தோட்டத்துக்குரியது என்பது அறிக்கையில் இராது. குறித்த நோக்கத்துக்கான நிதியை வேறொன்றுக்குச் செலவிடுவது இன்றைய தணிக்கை மட்டும் கண்டிக்கும் குற்றமன்று. பாலி மொழியிலுள்ள பௌத்தத் துறவியர் ஒழுக்க நூலான விநயத்தில், பிக்குணிகளுக்கான (பெண் துறவியருக்கான) நிஸ்ஸக்கிய விதிகளுள், அதாவது முறைதவறிப் பெற்றதைக் கைவிடச் சொல்லும் விதிகளுள், 6 முதல் 10 வரையுள்ள ஐந்தும் இதைப் பற்றியவையே: ஒரு நோக்கத்துக்கெனச் சங்கத்துக்கோ, ஒரு குழுவுக்கோ, ஒரு தனி ஆளுக்கோ தரப்பட்ட நிதியைக் கொண்டு வேறொரு பொருளைப் பெற்றால் அப்பொருளைக் கைவிட வேண்டும். நிதிக்கணக்குப் பாடத்தில் நான் படித்தவற்றை விட இந்த ஐந்து விதிகளையே அறங்காவலர் கூட்டத்தில் எடுத்துச் சொல்வது எளிதாக இருக்கிறது.

நிதிகளைத் தனித்தனியே காட்டுவதற்கென்று க்னூகேஷில் எந்த ஏற்பாடும் இல்லை. செலவினத்தை ஒரு தலைப்பிலும், அது எந்த நிதியைச் சேர்ந்தது என்பதை மற்றொரு அடையாளத்திலும் குறிக்கும் இரண்டாம் பரிமாணம் அதற்குக் கிடையாது. இது உண்மையான குறை. ஆனால் அதன் துணைக்கணக்குகளைக் கொண்டு இந்த இடைவெளியை நிரப்ப முடியும். வங்கிக் கணக்கின் கீழே பொது நிதி, கட்டண உதவி நிதி, தோட்ட நிதி, தியான அறை நிதி என்று துணைக்கணக்குகளைத் திறந்துகொண்டேன். மேலேயிருக்கும் வங்கிக் கணக்கில் நேரடியாக எதையும் எழுத முடியாதபடி, அதை வெறும் தலைப்புக் கணக்காக மாற்றிவிட்டேன். இப்போது பணம் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும், எந்த நிதி என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் பதிவை முடிக்க முடிவதில்லை. மாதந்தோறும் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும்போது, துணைக்கணக்குகளையும் சேர்த்துக்கொள் என்ற தேர்வை இட்டால், உண்மையில் இருக்கும் ஒரே வங்கிக் கணக்கைப் போல எல்லாம் ஒரு திரையில் வந்து நிற்கும். மொத்தமும் வங்கியோடு ஒத்துப்போகிறது, பகுதிகளும் கொடுத்தவர்களின் சொல்லோடு ஒத்துப்போகின்றன. இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த மென்பொருளைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் மிகையாகாது.

தருமம் போதிக்க வரும் ஆசிரியர்களுக்காகப் பெற்றோர் தரும் தானத்தை எழுதுவதில் தொடக்கத்தில் எனக்குக் குழப்பம் இருந்தது. அதைப் பள்ளியின் வருமானமாக எழுதிப் பிறகு செலவாகக் காட்டினால், நாம் பெறாத பணத்தைப் பெற்றதாகக் காட்டியவர்கள் ஆகிறோம். ஆகவே பிறர் சார்பில் வைத்திருக்கும் பணமாக, பொறுப்புகளின் கீழே ஒரு கணக்கில் வரவு வைத்து, ஒப்படைக்கும் நாளில் அதைத் தீர்த்துவிடுகிறேன். பாலி விநயத்தைக் கைக்கொள்ளும் மரபில் வரும் பிக்கு பணத்தைக் கையில் ஏற்க மாட்டார். அவர் சார்பில் பொருளைப் பொறுப்பேற்கும் கப்பியகாரகர் என்னும் இல்லறத்தாரிடமே அது சேர வேண்டும். அந்தப் பொறுப்பாளர் ஒப்பமிட்ட சீட்டு கோப்பில் இருக்கும்வரை தணிக்கையாளருக்கும் இதில் கேள்வி எழுவதில்லை.

கட்டண வசூலுக்கு, வணிகர்களுக்கென அமைந்த விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) பகுதியைப் பயன்படுத்துகிறேன். வாடிக்கையாளர் என்ற இடத்தில் குடும்பத்தையும், பணி என்ற இடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் வைத்தால், உடன்பிறந்தோர் மூவர் படித்தாலும் ஒரே குடும்பத்தின் நிலுவை ஒரே இடத்தில் தெரியும். பிள்ளையின் பெயருக்குப் பதில் சேர்க்கை எண்ணையே இடுகிறேன். அதன் காரணம் கீழே வரும். பருவத் தொடக்கத்தில் எல்லாக் குடும்பங்களுக்குமான பட்டியலை விரிதாளில் தயாரித்து, மொத்தமாக உள்ளிறக்கிக்கொள்ளலாம். கட்டணச் சலுகையைப் பொறுத்தவரை, பட்டியலிலேயே தள்ளுபடி இடும் வசதி இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. முழுக் கட்டணத்தையும் வருமானமாக எழுதி, சலுகையைத் தனித் தலைப்பில் செலவாகக் காட்டினால்தான், பள்ளி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதும் கட்டண உதவி நிதி அதில் எவ்வளவைத் தாங்குகிறது என்பதும் அறங்காவலர்களுக்குப் புலப்படும். தள்ளுபடிக்குள் ஒளிந்துகொண்ட தாராளம் ஆண்டு இறுதியில் பற்றாக்குறையாக மட்டுமே வெளிவரும்.

நிலுவைகளை 30, 60, 90 நாள்கள் என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் அறிக்கை நன்றாக இருக்கிறது. ஆனால் நினைவூட்டுக் கடிதத்தை நீங்களே எழுதித்தான் அனுப்ப வேண்டும். எப்போது, எத்தனை முறை என்பதை மென்பொருள் சொல்லாது. பௌத்தப் பள்ளியில் கட்டணம் கேட்பது பலருக்குச் சங்கடமான வேலை. கருணையைப் போதிக்கும் இடத்திலிருந்து நிலுவைக் கடிதம் வருகிறதே என்ற முகச்சுளிப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கும் விநயத்திலேயே ஒரு வழி கிடைத்தது. சீவரத்துக்கான (துறவியர் ஆடைக்கான) நிதி ஒரு பொறுப்பாளரிடம் இருக்குமானால், பிக்கு அவரிடம் மூன்று முறை வரை வாய்விட்டு நினைவூட்டலாம். அப்படியும் வராவிட்டால், ஆறு முறை வரை பேசாமல் சென்று நிற்கலாம். அதற்கு மேல் வற்புறுத்தலாகாது, நிதி கொடுத்தவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். நான் மூன்று நினைவூட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். நான்காவதாகக் கடிதம் போவதில்லை. தலைமையாசிரியர் அந்தக் குடும்பத்தை அழைத்து அமர்ந்து பேசுவார். பேசாமல் போய் வாசலில் நிற்கும் பகுதியை இதுவரை முயன்று பார்க்கவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் சாதகமானவை. இந்த மென்பொருளைப் பரிந்துரைக்க என்னைத் தயங்க வைப்பது, பயன்படுத்துபவரைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அதில் ஏறத்தாழ இல்லை என்பதே. கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கிடையாது. எழுதுபவர், ஒப்புதல் தருபவர், பார்க்க மட்டும் உரிமை உள்ளவர் என்று ஆளுக்கேற்ப அனுமதிகளைப் பிரிக்க வழியில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஒரு கோப்பில் வேலை செய்யும்படியாகவே அது அமைந்திருக்கிறது. குறிப்பிட்ட நாள்களுக்கு முந்தைய பதிவுகளைத் திருத்த விடாமல் சிவப்புக் கோட்டால் பிரித்து வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. ஆனால் அந்த நாள் வரம்பை மாற்றுவதற்கு என்னைப் போன்ற ஆளுக்கு இரண்டு சொடுக்குகள் போதும். வங்கியோடு ஒப்பிட்டு முடித்த பதிவை மாற்றப் போனால் எச்சரிக்கும். எச்சரிக்கையை ஏற்று மேலே சென்றால் மாற்றிக்கொடுத்துவிடும். என்னை நானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க இவை உதவுகின்றன. பள்ளியை நான் ஏமாற்றாமல் இருக்க இவை உதவா.

கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல் பஞ்சசீலத்தில் இரண்டாவது. காலை வழிபாட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அதைச் சொல்கிறேன். ஆனால் எழுத்தர் சீலம் ஏற்றவர் என்பதை நிறுவனத்தின் உட்கட்டுப்பாட்டு ஏற்பாடாக எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. ஆகவே மென்பொருளில் இல்லாததை வெளியே கட்டினோம். வங்கி அறிக்கை எனக்கு வருவதற்கு முன்பே, பொருளாளராக இருக்கும் அறங்காவலருக்கு வங்கியிலிருந்தே நேராகச் செல்கிறது. ஒவ்வொரு மாதமும் சரிபார்ப்பு அறிக்கையை அச்சிட்டு, அதனோடு வங்கி அறிக்கையை இணைத்து அவர் கையெழுத்திடுகிறார். தானப் பெட்டியை இருவர் சேர்ந்தே திறக்கிறார்கள். எண்ணிக்கைச் சீட்டில் இருவரும் ஒப்பமிட்ட பின்பே அது என் மேசைக்கு வருகிறது. அந்த இருவருள் ஒருவராக நான் இருப்பதில்லை. மாத இறுதியில் கோப்பின் நகல் ஒன்றைப் பொருளாளரே எடுத்து வைத்துக்கொள்கிறார். பின்னொரு நாளில் நான் பழைய பதிவைத் திருத்தினால் இரண்டு கோப்புகளின் இருப்பாய்வையும் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியலையும்) வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இப்படி நேரம் ஒதுக்கக்கூடிய ஓர் அறங்காவலர் உங்கள் பள்ளியில் இல்லையென்றால், தயவுசெய்து க்னூகேஷைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அனுமதிகளைப் பிரித்து, யார் எப்போது எதை மாற்றினார் என்று எழுதி வைக்கும் வேறொன்றுக்குப் பணம் கொடுப்பதே மேல்.

கடவுச்சொல் இல்லாததால் வரும் மற்றொரு தொல்லை, பிள்ளைகளின் விவரம். கோப்பு மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றுதல்) செய்யப்படாதது. அது யார் கையில் கிடைத்தாலும் திறந்து படிக்கலாம். யார் நிலுவை வைத்திருக்கிறார், யார் சலுகை பெறுகிறார் என்பது ஒரு சிறிய சமூகத்தில் வெளியே போகவே கூடாத செய்தி. கணினியின் வட்டை மறையாக்கம் செய்து வைத்திருக்கிறோம். பெயர்களுக்குப் பதில் சேர்க்கை எண்களை எழுதுவதும் இதற்காகத்தான்.

சம்பளக் கணக்கீட்டுக்கு இதை நம்ப வேண்டாம். பிடித்தங்களை அது கணக்கிடாது. வேறிடத்தில் கணக்கிட்டு முடித்த தொகைகளைப் பல பிரிவுகள் கொண்ட ஒரே பதிவாக எழுதலாம், அதை மாதந்தோறும் தானாக வரும்படி திட்டமிட்டும் வைக்கலாம். வரவுசெலவுத் திட்டப் பகுதி வேலைக்கு ஆகும். அறிக்கைகளின் தோற்றம் பழைய காலத்தது. ஐந்தொகையை (சொத்து, பொறுப்பு அறிக்கையை) அப்படியே கூட்டத்தில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், நான் எண்களை விரிதாளுக்கு மாற்றி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். விட்டு வந்ததாகச் சொன்ன விரிதாளிடமே இப்படித் திரும்பிப் போவது எனக்கும் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

காப்பு நகல் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமான கோப்பு வடிவில் வைத்திருந்தால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தேதியும் நேரமும் இட்ட பழைய நகலைப் பக்கத்திலேயே விட்டுவைக்கும். மாற்றாமல் விட்டால் அவற்றை 30 நாள்கள் வரை காத்து வைக்கும். அவையெல்லாம் அதே வட்டில்தான் இருக்கும் என்பதால், வெளியே ஒரு நகல் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

நான் ஓய்வுபெறும் நாள் தொலைவில் இல்லை. பதிவுகள் ஏதுமின்றிக் கணக்குத் தலைப்புகளை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இதில் இருக்கிறது. அப்படி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நிதித் தலைப்பின் குறிப்பிலும் அதைத் தந்தவர் எழுதிக் கொடுத்த நோக்கத்தை அவர் சொற்களிலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தியான அறை நிதியின் குறிப்பில் ‘விரிப்புகளுக்கு மட்டும், திரைச்சீலைக்கு அன்று’ என்று இருக்கிறது. திரைச்சீலைகள் கிழிந்துதான் கிடக்கின்றன. வரும் கூட்டத்தில் அதற்குப் பொது நிதியிலிருந்து கேட்கப்போகிறேன்.