சிங்கப்பூர் தீம் பார்க் "எக்ஸ்பிரஸ்" என்று ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைக் கொடுத்து ஏமாந்த கதை. கவனம்!

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போக யோசிக்கிற கொழும்பு ஆட்கள், யாருக்கும் காசு கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதை வாசியுங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்கு மேலாகிறது, இன்னும் வயிறு எரிகிறது. தீம் பார்க்கில் நீண்ட கியூவை விட்டுப் பக்க வழியால் போக விடும் "எக்ஸ்பிரஸ்" பாஸுக்கென்று கட்டியது ரூ. 112,000. என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

அந்த ட்ராவல் ஏஜென்ட்டின் பெயர் போடவில்லை. போட்டால் லோயர் கடிதம் வரும் என்று இவர், என் வீட்டுக்காரர், பயப்படுகிறார். காலி வீதியில் ஒரு புடைவைக்கடைக்கு மேல் மாடியில் சின்ன ஒஃபிஸ். வியாபாரம் முழுக்க பேஸ்புக் பேஜிலும் வட்ஸ்அப்பிலும்தான். டிக்கெட், ஹோட்டல், அதோடு "தீம் பார்க் பிளானிங்" என்று ஒன்று. அந்தக் கடைசி ஐட்டத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

மகளுக்கு ஒன்பது வயது. ஒரு வருசமாக யுனிவர்சல் ஸ்டூடியோஸ், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்று அந்த சிங்கப்பூர் தீம் பார்க்கின் பெயரையே சொல்லி உயிரை எடுத்தாள். மகனுக்கு நாலரை. இவருக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை, இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது கூட்டமில்லாத ஒரு நாள், கியூவில் காயாமல் ஏறி இறங்க ஒரு வழி. பிள்ளைகளின் ஸ்கூல் லீவு ஓகஸ்ட்டில். ஓகஸ்ட் 7 போய் 12 திரும்புவதாக பிளைட்டும் ஹோட்டலும் நாங்களே போட்டுவிட்டோம். பார்க்கை மட்டும் தெரிந்த ஆளிடம் விடுவோம் என்று நினைத்தேன். புத்தி.

அந்தப் பின்னேரத்தை நினைக்க நினைக்க என் மேலேயே கோபம் வருகிறது. மேசையில் சின்னப் பிள்ளையார், பக்கத்தில் வாடாத மல்லிகை. "அக்கா இருங்கோ" என்று பிளேன்டீ எடுத்துவரச் சொன்னான். இவருடைய முதுகைப் பற்றி நான் சொல்ல முதலே, நாற்காலிக்குக் குஷன் கொண்டுவந்து வைத்தான். அந்தக் குஷனில்தான் நாங்கள் விழுந்தோம் என்று இவர் இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு போனைத் திருப்பி ஒரு கலண்டரைக் காட்டினான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறம். சிவப்பென்றால் நெரிசல், மஞ்சள் பரவாயில்லை, பச்சையென்றால் காற்று வாங்கலாம்.

"எட்டு, ஒன்பது சனி ஞாயிறு, அந்தப் பக்கமே போகாதேங்கோ. பத்தாம் திகதி திங்கள், கூட்டம் லெவல் ரெண்டுதான். எல்லா ரைட்டும் பத்து நிமிசம், மிஞ்சினாப் பதினைஞ்சு" என்றான். ஆதாரமும் காட்டினான். டிரான்ஸ்ஃபோமர்ஸ் 10 நிமிடம், மம்மி 5 நிமிடம் என்று காத்திருக்கும் நேரங்களின் ஸ்கிரீன்ஷொட் ஒன்று. "இது போன திங்கள் எடுத்தது அக்கா."

லெவல் இரண்டென்றால் பிறகு எக்ஸ்பிரஸ் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "அண்ணாவின்ர முதுகுக்காகத்தான் சொல்லுறன், அன்லிமிட்டட் எக்ஸ்பிரஸ் போட்டுத் தாறன், ஒவ்வொரு நாளும் கூட்டம் எப்பிடி எண்டு ரிப்போர்ட்டும் அனுப்புவன். நாலு பேருக்கும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டு. எங்கட ஆக்களிட்ட நான் காசு பாப்பனா?" பார்த்தான். கார்டில் கட்டினால் மூன்று வீதம் கூட என்றான், அதனால் பாங்க் ட்ரான்ஸ்பர். கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில். அதையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டே அனுப்பினேன். நுழைவு டிக்கெட்டுக்கு வேறாகக் கட்டினோம். அது மட்டும் ஒழுங்காக வந்தது, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

ஓகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய தினம். ஞாயிறு இரவு ஹோட்டல் ஜன்னலால் தூரத்து வாணவேடிக்கையைப் பார்த்தோம், எதிரே இருந்த மாடிவீடுகள் முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கொடி. இவ்வளவையும் பார்த்தும் அடுத்த நாளைப் பற்றி மண்டைக்கு எட்டவில்லை. எங்கட நாட்டில் ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமிப் போயா வந்தால் அந்த லீவு போனதுதான், அந்தக் கவலை நமக்குப் பழகிவிட்டது. அங்கே அப்படியில்லை. பொது விடுமுறை ஞாயிறில் விழுந்தால் திங்களும் விடுமுறை. ஒரு நாடே லீவில் இருந்த திங்களைத்தான் இவன் பச்சையில் போட்டிருக்கிறான். சனி ஞாயிறைச் சிவப்பாக்கி, வேலைநாளைப் பச்சையாக்கி, அவ்வளவுதான் அந்தக் கலண்டர். என் மகளே கலர் பென்சிலால் போட்டுத் தந்திருப்பாள்.

ஹார்பர்ஃப்ரண்ட் ஸ்டேஷனில் இறங்கியபோதே தெரிந்துவிட்டது. பார்க் இருக்கிற செந்தோசா தீவுக்குப் போகிற அந்தச் சின்ன ரயிலுக்கே கியூ. பார்க் வாசலில் உலக உருண்டைக்கு முன்னால் படம் எடுக்க இன்னொரு கியூ. அன்று காலை அவன் அனுப்பிய "ரிப்போர்ட்" என்ன தெரியுமா? ஒரு பச்சை வட்டம், கீழே கை கூப்பிய படம்.

நுழைவு ஸ்கேன் ஆகிவிட்டது. டிரான்ஸ்ஃபோமர்ஸ் எக்ஸ்பிரஸ் வழியில், அவன் அனுப்பிய பாஸை எங்கட போனில் நீட்டினால் மெஷின் சிவப்பு அடிக்கிறது. நாலு போட்டும் சிவப்பு. நின்றிருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. போனைக் கையில் வாங்கி, பெரிதாக்கிப் பார்த்து, "அக்கா, இது நீங்க உள்ள வந்த என்ட்ரி டிக்கெட்டோட கியூஆர்தான். எக்ஸ்பிரஸ் தனி டிக்கெட், இதுல இல்ல" என்றாள். நாலு கியூஆரையும் வெட்டி, மேலே "எக்ஸ்பிரஸ்" என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறான். எழுத்து கொஞ்சம் சரிந்தும் இருந்தது. அவ்வளவு நாளும் அது என் கண்ணில் படவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எரிச்சலோடு பார்க்க, நாலு பேரும் ஒதுங்கி நின்றோம். மகள் "அம்மா நாங்க கள்ள டிக்கெட்டா?" என்று கேட்டாள்.

கவுண்டரில் கேட்டோம். அந்தப் பாஸ் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கணக்கு, கூட்டமான நாளில் விலையும் கூட. அன்றைக்கு முடிந்துவிட்டது.

கோல் எடுத்தேன். அங்கே காலை பத்தென்றால் இங்கே ஏழரை, துரை தூக்கத்தில். பகல் ஒரு மணிக்கு, மகனுக்கு ஃப்ரைஸ் ஊட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்பது செக்கன் வொய்ஸ் நோட் வந்தது: "அக்கா சிஸ்டம் டவுண், கொஞ்சம் வெயிட் பண்ணுங்கோ, சப்ளையரிட்டக் கதைக்கிறன்." சப்ளையர் என்ற சொல்லை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அதற்குப் பிறகு அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

டிரான்ஸ்ஃபோமர்ஸ் வாசல் போர்டில் 110 நிமிடம். நாங்கள் நின்றது 95. (போர்டில் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்களாம், வந்தவன் சீக்கிரம் ஏறினால் சந்தோசப்படுவான் என்று.) நின்றது நாங்கள் என்றால், நானும் மகளும். இவர் மகனோடு வெளியே ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். ஏனென்றால் அடுத்த கதை.

கியூ தொடங்கும் இடத்தில் உயரம் பார்க்க ஒரு கம்பம். பாட்டில்ஸ்டார் கலக்டிகாவுக்கு 125 சென்டிமீட்டர், மம்மிக்கு 122, ஜுராசிக் தண்ணீர் ரைட்டுக்கு 107, டிரான்ஸ்ஃபோமர்ஸுக்கு 102. மகன் 99. சப்பாத்தோடு நிமிர்ந்து, குதியை மெல்லத் தூக்கிக்கூடப் பார்த்தான். அங்கே நின்ற பையன் சிரித்துக்கொண்டே கையால் அமர்த்திவிட்டான். பெரிய ரைட் ஒன்றிலும் ஏற முடியாத பிள்ளைக்கும் முழு எக்ஸ்பிரஸ் காசு வாங்கியிருக்கிறான் இந்த ஆள். வயதைக் கேட்டான், உயரத்தைக் கேட்கவில்லை. பாஸ் உண்மையாக இருந்திருந்தாலும் அந்த ஒரு பங்கு, இருபத்தெட்டாயிரம், தண்ணீரில் போட்டதுதான்.

அந்த 95 நிமிடத்தில் எனக்குக் கணக்குப் போட நேரம் கிடைத்தது. ஒரு ரைட் மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது, எனக்கு முன்னால் 900 பேர் என்று வையுங்கள். முக்கால் மணித்தியாலம். பக்க வழியால் எக்ஸ்பிரஸ் ஆட்கள் வந்து பாதி இருக்கையைப் பிடித்தால் அதே 900 பேருக்கு ஒன்றரை மணித்தியாலம். அந்தப் பக்க வழியால் போவதற்குத்தான் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கட்டிவிட்டு, போகிறவர்களை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் இடி மழை வேறு. மின்னல் வந்தால் வெளியில் ஓடும் ரைட்டுகளை நிறுத்திவிடுவார்கள், அந்தக் கூட்டம் முழுக்கக் கூரைக்குக் கீழே உள்ளவற்றுக்குப் பாயும். மம்மி போர்டு 50இலிருந்து 85க்கு ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். முழு நாளும் மகள் ஏறியது மூன்று. மகன் ஏறியது ஒன்று.

இரவு ஹோட்டலில் நித்திரை வராமல் அவன் முதலில் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டை எடுத்துப் பெரிதாக்கினேன். மேல் மூலையில் சிங்கப்பூர் நேரம்: 6.48. பின்னேரம், பார்க் மூடுவதற்குக் கிட்ட. சனம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் பத்து நிமிடம் காட்டாமல் வேறென்ன காட்டும்? காலை பதினொன்றுக்கு எடுத்ததை அவன் ஏன் அனுப்பவில்லை என்று அன்றுதான் விளங்கியது.

கொழும்புக்கு வந்து அடுத்த நாளே மாடி ஏறினேன். இவரால் படி ஏற முடியவில்லை, கீழே ஓட்டோவில் இருந்தார். மேசையில் பிள்ளையார் இருந்தார், அவன் இல்லை. "சேர் வெளியில போயிட்டார் மிஸ்" என்றாள் அங்கிருந்த பிள்ளை. எங்கே என்றால் சிரிக்கிறாள். இரண்டாம் முறை, "சப்ளையர் ரிஃபண்ட் பண்ணினதும் நாங்க அனுப்புவம், பதினாலு வேலை நாள்." மூன்றாம் முறை ஆள் அகப்பட்டான். இந்த முறை பிளேன்டீ இல்லை. "அக்கா, நீங்க உள்ள போனனீங்கதானே? ரைட்டும் ஏறினனீங்க. பிறகென்ன?" என்று கேட்டான். நான் குரலை உயர்த்தியதும், "சரி சரி, அடுத்த ட்ரிப்பில கழிச்சு விடுறன், இல்லாட்டி இங்க ஒரு வாட்டர் பார்க்குக்கு நாலு பாஸ் தாறன்" என்றான். வாட்டர் பார்க்! ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு!

வேலை நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது போயா லீவு வந்தது, அதையும் கழித்துக்கொண்டான். போன வெள்ளியிலிருந்து என் மெசேஜுக்கு ஒரு டிக் மட்டும். அவனுடைய படமும் காணவில்லை. பேஜில் கொமெண்ட் போட்டேன், ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு என்னை பிளொக் பண்ணிவிட்டான்.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். காத்திருக்கும் நேரத்தைப் பார்க்க ஒருவனுக்கும் காசு கொடுக்க வேண்டாம், ஒன்லைனில் இலவசமாகவே பார்க்கலாம், ரைட் வாசலிலும் போட்டிருக்கிறார்கள். ஒரு படத்தை நம்பாமல் சில நாள் தொடர்ந்து காலை பதினொன்றுக்குப் பாருங்கள், நமக்கு அப்போது எட்டரை. நம்மட லீவைப் பார்க்காதீர்கள், அந்த நாட்டு லீவைப் பாருங்கள். அங்கே ஜூன் மாதமும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும்வரையும் ஸ்கூல் லீவு. எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றால் பார்க்கின் சொந்தத் தளத்தில் கார்டால் வாங்குங்கள். பிள்ளையை வீட்டிலேயே சுவரில் நிற்கவைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். வளர்ந்த பிள்ளை தனியே இருப்பாள் என்றால் சிங்கிள் ரைடர் வழி சில ரைட்டுகளில் இருக்கிறது, எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. கொழும்பில் ஏஜென்ட் என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்திருக்கிறானா என்று கேளுங்கள். தனி ஆள் பெயரில் கணக்கு தந்தால் எழும்பி வந்துவிடுங்கள், பிளேன்டீயைக் குடித்து முடிக்கவும் வேண்டாம். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. ஸ்லிப், ஸ்கிரீன்ஷொட், அந்த ஒன்பது செக்கன் வொய்ஸ் நோட் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன், நாளைக் காலை எடுக்கிறேன்.

இப்போது தங்கச்சியின் போனில் அவனுடைய பேஜைத் திறந்து பார்த்தேன். டிசம்பர் கலண்டர் போட்டிருக்கிறான், நூற்றுக்கு மேல் லைக். 28ஆம் திகதி திங்கட்கிழமை. பச்சை.