ஊவா வெயிலில் மலேசியன் புல்லும் அறுகும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பண்டாரவளையில் எங்கள் வீட்டுச் சரிவில் இரண்டு வகைப் புல் சில வருடங்களாக வளர்கின்றன. மேலே மரத்தடியில், மலேசியன் புல் என்று விற்கிற அகல இலைப் புல். கீழே வெயில் பக்கம் சாதாரண அறுகு.

மலைநாடு என்றாலே எந்நேரமும் மழைதான் என்று கொழும்பில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஜூன், ஜூலையில் மலைக்கு மேற்கே ஹட்டன் பக்கம் மழை கொட்டும்போது, மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வருவது ஈரம் தீர்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது அந்தக் காற்றில்தான். புல்லுக்கு அதுதான் எமன்.

வறட்சி தொடங்கினால் முதலில் துவளுவது மலேசியன். நடந்த கால்தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும், பச்சை மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். அன்றைக்கே தண்ணீர் விட்டால் தப்பும். அதன் தண்டுகள் மண்ணுக்கு மேலேயே ஓடுவதும், வேர் ஆழம் போகாததும்தான் முதலில் துவளக் காரணம். நிழலில் நின்றது பிழைக்கும். வெயிலுக்குள் படர்ந்த ஓரம் திட்டுத்திட்டாகச் செத்துவிடும், மழை வந்தாலும் திரும்பாது.

அறுகும் காயும். ஆகஸ்டில் பார்த்தால் வைக்கோல்தான், வருகிறவர்கள் எல்லாம் "பட்டுப்போச்சே" என்பார்கள். ஒரு பிடி மண்ணைக் கிளறினால் உள்ளே வெள்ளை வெளேரென்று கணுக்கணுவாகத் தண்டு இருக்கும். நகத்தால் கீறினால் ஈரம் தெரியும். இலையை உதிர்த்துவிட்டு உயிரை அங்கே வைத்திருக்கிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மாதிரி, ஒக்டோபர் மழைக்குக் கணுவிலிருந்து துளிர்க்கும். ஆனால் சமவெளி வேகத்தை எதிர்பார்க்கக்கூடாது. இவை இரண்டும் 27 முதல் 35 பாகை வெப்பத்தில் நன்றாக வளர்கிற புற்கள். இங்கே இரவுக் குளிரில் மெதுவாகத்தான் மூடும். நுவரெலியா உயரத்தில் இன்னும் மந்தம், அங்கே குளிர் தாங்கும் கிக்குயு புல்தான் பொருத்தம்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மே மாதத்திலிருந்து உயரமாக விட்டு வெட்டுகிறேன், ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. காய்ந்து கிடக்கும்போது யூரியா போடுவதே இல்லை. குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும் காலத்தில் தினம் தெளிப்பது வீண். இடைவெளி விட்டு, விடிகாலையில், மண்ணுக்குள் இறங்கும்வரை விட வேண்டும். சரிவு என்பதால் கொஞ்சம் விட்டு நிறுத்தி, ஊறியதும் மறுபடி விடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாம் வடிகானுக்குள் போய்விடும்.

நிழல் இருந்தால் மலேசியன் வையுங்கள், அறுகு அங்கே நரங்கிப்போகும். திறந்த வெயிலுக்கு என் ஓட்டு அறுகுக்கே. ஒரே தொல்லை, பக்கத்து மரக்கறிப் பாத்திக்குள் சொல்லாமல் கொள்ளாமல் புகுந்துவிடும்.