25 மீட்டர் போட்டிக்கு .22 பிஸ்டல்: ரூகரா, மாடல் 41ஆ, பார்டினியா?

போட்டிக்காக முதல் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் தேடுகிறவர்கள் ‘எது அதிகத் துல்லியம்?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நல்ல .22 (0.22 அங்குலத் தோட்டா) பிஸ்டல்களுக்குள் அந்த வித்தியாசம் சின்னது. 25 மீட்டர் துல்லியச் சுற்று இலக்கில் பத்துப் புள்ளி வளையம் 50 மி.மீ. அகலம். தாங்கியில் பொருத்தி, ஒத்துப்போகும் தோட்டாவைப் போட்டால் இந்த மூன்றுமே அதற்குள் அடங்கிவிடும். கையில் பிடித்த பிறகுதான் பேதம் தெரியும், அதுவும் கிரிப்பிலும் (கைப்பிடி) டிரிகரிலும் (விசை).

முதலில் எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி டிரிகர் குறைந்தது 1,000 கிராம் எடையை விடுபடாமல் தாங்க வேண்டும், பேரல் (குழல்) 153 மி.மீ.யைத் தாண்டக் கூடாது, மொத்த எடை 1,400 கிராமுக்குள். டாட் சைட்டுக்கு (ஒளிப்புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கருவி) இடமே இல்லை. அமெரிக்க புல்ஸ்ஐ போட்டியில் டாட் சைட் உண்டு. 50 கஜத்திலும் சுட வேண்டும்.

ஸ்மித் & வெஸ்ஸன் மாடல் 41 அந்த புல்ஸ்ஐக்காகவே பிறந்தது போன்றது. 1957 முதல் விற்பனையில் இருக்கிறது. கனமான எஃகு உடம்பு, இழுத்தால் இழுபறி இல்லாமல் சட்டென விடுபடும் டிரிகர். ஆனால் அதன் 7 அங்குல பேரல் 178 மி.மீ. வருகிறது, ஐஎஸ்எஸ்எஃப் பக்கம் எடுத்துப் போக முடியாது. அங்கே சுட நினைத்தால் 5.5 அங்குல பேரல்தான். தோட்டா விஷயத்திலும் கொஞ்சம் அடம்பிடிக்கும்.

2016இல் வந்த ரூகர் மார்க் IV மூன்றில் விலை குறைந்தது. சுத்தம் செய்ய ஒரே பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். முந்தைய மார்க் பிஸ்டல்களைக் கழற்றி மாட்டித் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை புரியும். டிரிகர்தான் குறை. போட்டிக்கு அதை மாற்றியே ஆக வேண்டும்.

இத்தாலியின் பார்டினி எஸ்பி வேறு ஜாதி. மேகசின் (தோட்டாப் பெட்டி) டிரிகருக்கு முன்னால் இருப்பதால் கிரிப்புக்குள் எதையும் அடைக்க வேண்டியதில்லை. மரத்தை உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கலாம், கையின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கீழ்த்தட்டை ஏற்றி இறக்கலாம். பேரலும் கைக்கு மேல் தாழ்வாக உட்காருவதால், சுட்டதும் முனை அதிகம் எகிறாது. 4 விநாடியில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டு என்ற ரேபிட் ஃபயர் சுற்றில் இதன் பலன் அப்பட்டமாகத் தெரியும். டிரிகரின் முதல் கட்டத்தையும் (லேசான தொடக்க இழுப்பு) இரண்டாம் கட்டத்தையும் (குண்டை விடும் இழுப்பு) தனித்தனியே சரிசெய்யலாம். எடைக்கல்லை மாட்டிச் சோதிப்பார்கள் என்பதால் சரியாக 1,000இல் நிறுத்தாமல் சற்று மேலேயே வையுங்கள்.

ஐஎஸ்எஸ்எஃப்தான் குறி என்றால், பழையதாகக் கிடைத்தாலும் பார்டினியையே எடுங்கள் என்பேன். புல்ஸ்ஐ என்றால் மாடல் 41. இன்னும் முடிவாகவில்லையா? சரி, ரூகரில் பழகுங்கள். மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள்.

எதுவானாலும் வாங்கும் முன் ஒரு சோதனை. பிஸ்டல் காலி என்று உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் கண்ணை மூடியபடி கையை உயர்த்துங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் ஒவ்வொரு முறையும் மேலேறியோ கீழிறங்கியோ நின்றால், அந்த கிரிப்பின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. அடுத்ததை எடுத்துப் பாருங்கள்.