உறுப்பினர் எண் வேறு, பதிவெண் வேறு: உளவியல் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நான் எழுதிக் கையொப்பமிட்ட ஓர் அறிக்கையை ஒரு தாய் என்னிடமே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த நாளில்தான், நான் எவ்வளவு பெரிதாக ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. அவருடைய மகனுக்கு வாசிப்பதில் கடும் சிரமம் இருந்தது. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிப்பதற்காக, இரண்டு நாள் சோதனைகள் செய்து, பதினொரு பக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்திருந்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே இருந்த எண்ணை யாரோ பென்சிலால் வட்டமிட்டு, ‘இது பதிவெண் அல்ல’ என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாய் கோபப்படவில்லை. “விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. இனி யாரிடம் போவது என்று மட்டும் சொல்லுங்கள், மேடம்” என்றார். அந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலைகுனிந்து நின்றதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த நேரத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஆலோசனை உளவியல் பட்டயம், ஓராண்டு, முழுவதும் இணையவழி, முடித்தவர்களுக்குத் தொழில்முறை உறுப்பினர் தகுதி என்று அதில் இருந்தது. பணம் கட்டுவதற்கு முன் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் மின்னஞ்சலில் கேட்டேன்: ‘இந்தத் தகுதியை வைத்து நான் உளவியலாளராகத் தொழில் செய்யலாமா?’ ‘எங்கள் உறுப்பினர்கள் பல நாடுகளில் பணியாற்றி வருகிறார்கள்’ என்று பதில் வந்தது. ஆம் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத அந்த ஒற்றை வாக்கியத்தை ஆம் என்று எடுத்துக்கொண்டேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஓராண்டு முடிந்ததும் தடித்த உறையில் இரண்டு சான்றிதழ்கள் வந்தன. ஒன்று பட்டயம், மற்றொன்று, அந்தப் பட்டயத்தை அங்கீகரித்ததாகச் சொல்லப்பட்ட வாரியத்தின் உறுப்பினர் சான்றிதழ். பொன்னிற முத்திரை, என் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சில எழுத்துகள், எட்டு இலக்க உறுப்பினர் எண் என்று பார்ப்பதற்கு எல்லாமே முறையாக இருந்தன. அறிக்கை திரும்பி வந்த அன்றிரவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டயத்தில் ‘பாடநெறி இயக்குநர்’ என்ற இடத்திலும், உறுப்பினர் சான்றிதழில் ‘பதிவாளர்’ என்ற இடத்திலும் வேறு வேறு பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஆனால் கையொப்பம் ஒன்றுதான். கடைசி எழுத்திலிருந்து கீழே இழுத்துவிட்ட கோடுகூட அச்சு மாறாமல் அப்படியே இருந்தது. பயிற்சி கொடுத்தவர்களும், அந்தப் பயிற்சி சரியானது என்று சான்று சொன்னவர்களும் ஒரே கூட்டம்தான் என்பது அப்போது புரிந்தது.

முன்னரே கவனித்திருக்க வேண்டிய அறிகுறிகள் பல இருந்தன. இணை உறுப்பினர், முழு உறுப்பினர், ஃபெல்லோ என்று மூன்று படிநிலைகள் இருந்தன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகத் தேர்வும் இல்லை, நேர்காணலும் இல்லை, கட்டணம் மட்டுமே இருந்தது. ஓராண்டுப் படிப்பில் ஒரு மணி நேரம்கூட நேரடி மேற்பார்வையில் பயிற்சி கிடையாது. எல்லாவற்றையும்விட என்னை இன்று உறுத்துவது, நுண்ணறிவுச் சோதனைப் படிவங்களை அவர்கள் நகலெடுத்து அனுப்பியதுதான். வெக்ஸ்லர் சோதனை போன்றவற்றை வெளியிடும் நிறுவனங்கள், வாங்குபவரின் தகுதியைச் சரிபார்த்த பிறகே அவற்றை விற்கும். படிவம் நகலாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. அந்தச் சிறுவன் அந்த நகல்களில்தான் இரண்டு நாள் பொறுமையாக உட்கார்ந்து பதில் எழுதினான்.

இதற்குப் பிறகுதான், யார் எதற்கு அங்கீகாரம் தருகிறார்கள் என்பதை உட்கார்ந்து படித்தேன். பட்டம் என்பது பல்கலைக்கழகம் தருவது. உறுப்பினர் தகுதி என்பது சங்கம் தருவது. தொழில் செய்யும் உரிமை என்பது சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் வருவது; பதிவெண் என்பது அந்தப் பதிவேட்டின் எண்தான். முதல் இரண்டும் எவ்வளவு உண்மையானவையாக இருந்தாலும் மூன்றாவதற்கு ஈடாகமாட்டா. பிரிட்டிஷ் உளவியல் கழகம் 1901இல் தொடங்கப்பட்டு 1965இல் அரச சாசனம் பெற்ற மதிப்புமிக்க அமைப்பு. ஆனாலும் அதன் உறுப்பினர் ஒருவர் தம்மைக் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ (மருத்துவ உளவியலாளர்) என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், எச்.சி.பி.சி. எனப்படும் பிரிட்டனின் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். 2009 முதல் உளவியலாளர்களைப் பதிவு செய்வது அந்த மன்றம்தான். அமெரிக்க உளவியல் சங்கம் 1892இல் தோன்றியது. அதன் உறுப்பினராக இருப்பது தொழில் உரிமம் ஆகாது. உரிமத்தை அந்தந்த மாநில வாரியம்தான் தருகிறது. அதற்குப் பெரும்பாலும் முனைவர் பட்டமும், மேற்பார்வையில் செய்த பயிற்சி நேரமும், ஈ.பி.பி.பி. என்ற உளவியல் தொழில்முறைத் தேர்வும் வேண்டும்.

எந்தத் தொழில்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. என்னை ஏமாற்றியதைப் போன்ற கூட்டங்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். ஆஸ்திரேலியாவில் 2010இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பதிவு முறையில் ‘சைக்காலஜிஸ்ட்’ என்ற சொல்லே சட்டத்தால் காக்கப்பட்டது. பிரிட்டனில் அந்தத் தனிச்சொல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. கிளினிக்கல், கவுன்சலிங், எஜுகேஷனல் போன்ற அடைமொழியுடன் வரும் பெயர்கள் உட்பட ஒன்பது பெயர்களுக்கு மட்டுமே உண்டு. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் (ஆர்.சி.ஐ.) சட்டத்தின்படி, மருத்துவ உளவியலாளர்கள் அந்த மன்றம் ஏற்ற பயிற்சியை முடித்து மத்தியப் பதிவேட்டில் பதிவு பெற வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு. 2021இல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. அதையொட்டி 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியல் பாடத்தைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் புதிதாக நடத்துவதற்குத் தடை விதித்தது. ஆகவே, ‘சர்வதேச அங்கீகாரம்’ என்ற சொல்லுக்குத் தொழில் உரிமம் என்ற பொருள் எங்கும் கிடையாது. ஐரோப்பிய நாடுகளின் சங்கங்கள் சேர்ந்து வழங்கும் யூரோசை சான்றிதழுக்கு ஐந்தாண்டுப் படிப்பும் ஓராண்டு மேற்பார்வைப் பயிற்சியும் தேவை. அவ்வளவு கடினமான அந்தச் சான்றிதழ்கூட எந்த நாட்டிலும் தானாகவே உரிமமாக மாறிவிடுவதில்லை.

உண்மையான சங்கங்களை நான் குறை சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆய்விதழ்கள், நடத்தை விதிகள், மூத்தவர்களின் வழிகாட்டல் என்று அவை தருவது மிகுதி. என்னைப் போல் தனியாகத் தடுமாறியவர்களுக்கு அந்தத் துணை மிகவும் தேவை. ஆனால் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு என்னென்ன சரிபார்க்கிறது என்பதை நாம் பார்த்தே ஆக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் ஒருவர், தம் வீட்டுப் பூனை சோயியின் பெயரில் விண்ணப்பித்து, மனவசியச் சிகிச்சைச் சங்கங்கள் சிலவற்றில் சான்றிதழ்களைப் பெற்றுக் காட்டினார். விண்ணப்பித்தவர் யார் என்பதைக்கூட அந்தச் சங்கங்கள் விசாரிக்கவில்லை. என் விண்ணப்பத்தையும் அப்படித்தான் யாரும் விசாரிக்கவில்லை. முதுகலைச் சான்றிதழை இணைக்க மறந்துவிட்டு மறுநாள் அனுப்பினேன், அதற்குள் உறுப்பினர் எண் வந்துவிட்டிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கல்விச் சேவை முழுமையாக வழங்கப்பட்டுவிட்டது என்றும், தகுதி உள்ளூர்ச் சட்டத்துக்குப் பொருந்துமா என்று சரிபார்ப்பது மாணவரின் பொறுப்பு என விதிமுறைகளில் எழுதியிருக்கிறது என்றும் பதில் எழுதினார்கள். உண்மைதான், நாற்பது பக்க விதிமுறைகளில் முப்பத்தேழாம் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. விளம்பரத்தில் அந்த வரி இல்லை.

நீங்கள் ஏதேனும் படிப்பிலோ சங்கத்திலோ சேர நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேட்காமல், நீங்கள் தொழில் செய்யப்போகும் நாட்டின் ஒழுங்குமுறை மன்றத்திடம் நேராகக் கேளுங்கள். ஏற்கப்பட்ட படிப்புகளின் பட்டியலையும், பதிவு பெற்றவர்களின் பதிவேட்டையும் இத்தகைய மன்றங்கள் பொதுவாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கும். அந்தப் படிப்பை முடித்ததாக விளம்பரத்தில் புன்னகைப்பவர்களின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் பின்னர் தேடியபோது ஒருவர் பெயர்கூட இல்லை. வேறு நாட்டில் படித்தவர்கள், பட்டச் சான்றிதழுடன் பாடத்திட்டத்தின் முழு விவரத்தையும், மேற்பார்வையில் செய்த பயிற்சி நேரங்களுக்கு மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட பதிவையும் படிக்கும் காலத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தகுதியை மதிப்பிடுபவர்கள் கேட்பது அவற்றைத்தான். பல ஆண்டுகள் கழித்துக் கேட்டால் கிடைப்பது அரிது.

நான் மதிப்பீடு செய்த ஒன்பது குடும்பங்களுக்கும் கடிதம் எழுதி, என் அறிக்கைகளை எங்கும் பயன்படுத்த வேண்டாம் என்று தெரிவித்து, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சிறுவனுக்குப் பதிவு பெற்ற ஒருவரை அன்று மாலையே தேடிப் பிடித்தோம். என் சோதனையின் தாக்கம் இருக்கும் என்பதால் வேறு சோதனைகளை வைத்து அவர் மீண்டும் மதிப்பிட்டார். அறிக்கை கடைசி நாளில் போய்ச் சேர்ந்தது. நான் இப்போது மன்றம் ஏற்ற பயிற்சி ஒன்றில் முதலாண்டு மாணவியாக இருக்கிறேன். நுகர்வோர் புகாரும் கொடுத்திருக்கிறேன். அதில் நான் இணைத்த ஆவணங்களில் முதலாவது, ‘எங்கள் உறுப்பினர்கள் பல நாடுகளில் பணியாற்றி வருகிறார்கள்’ என்ற அந்த மின்னஞ்சல். உங்களிடமும் அப்படி ஒரு பதில் இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.