சால்வியாவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி பவுடர்: வேருக்கு அருமை, இலை நோய்க்கு இத நம்பாதீங்க

கோயம்புத்தூர்ல மொட்டமாடியில சிவப்பு சால்வியா, நீல சால்வியா பூச்செடிங்க வளக்குறேன். இங்க விதை போடுறது செப்டம்பர் அக்டோபர்ல, சரியா அந்த நேரம் பாத்துதான் வடகிழக்கு மழையும் புடிக்கும், நல்லா வந்துட்டு இருக்குற நாத்து அடித்தண்டு சுருங்கி அப்படியே சாஞ்சிடும். இந்த நாத்தழுகல், வேரழுகல் ரெண்டுக்கும் டிரைக்கோடெர்மாங்கிற நல்ல பூஞ்சை நெஜமாவே வேலை செய்யுது. ஆனா பாக்கெட்ட பிரிச்சு அப்படியே தொட்டியில தூவாதீங்க, மக்குன தொழு உரத்துல கலந்து லேசா தண்ணி தெளிச்சு நிழல்ல ஒரு வாரம் மூடி வைங்க. வெள்ளையா கெளம்பி பச்சையா படர்ந்துச்சுன்னா சரக்கு உயிரோட இருக்கு, அதுக்கப்புறம் மண்ணுல சேத்து விதை போடுங்க.

முக்கியமான விஷயம், இது நோய் வரதுக்கு முன்னாடியே குடுக்க வேண்டியது. மண்ணு ஈரமா இருக்கும்போதே செடி தொங்குதுன்னா தயவுசெஞ்சு இன்னும் தண்ணி ஊத்தாதீங்க, தொட்டிய கவுத்து வேரப் பாருங்க. நல்ல வேர் வெள்ளையா இருக்கும், அழுகுனது பழுப்பா இருக்கும், ரெண்டு விரலால புடிச்சு இழுத்தா மேல்தோல் மட்டும் உருவிட்டு வந்துடும், நடு நரம்பு தனியா நிக்கும். அந்த கட்டத்துக்கு போன செடிய எந்த பவுடரும் காப்பாத்தாது, மண்ணோட அப்புறப்படுத்திடுங்க. கார்பன்டசிம் ஊத்துன தொட்டியில உடனே இத போடுறதும் வேஸ்ட், பூஞ்சைய கொல்ற மருந்து இந்த நல்ல பூஞ்சையயும் சேத்து கொன்னுடும்.

இலை மேல மாவு தூவுன மாதிரி இருந்தா அது சாம்பல் நோய், அதுக்கு நனையும் கந்தகம் (தண்ணியில கலந்து அடிக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் சாயங்காலமா அடிங்க, வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் ஆகலன்னா மட்டும் வேண்டாம், இலை கருகிடும். மேல மஞ்சத்திட்டு, திருப்பிப் பாத்தா அடியில சாம்பல் கலர்ல பூசணம்னா அடிச்சாம்பல். அந்த இலைய கிள்ளிட்டு தொட்டிகள தள்ளி வச்சு காலையில செடியோட அடியில மட்டும் தண்ணி விடுங்க.

வாங்கும்போது தேதி பாக்காம வாங்காதீங்க, ஒரு உரக்கடையில வெயில்ல கெடந்த காலாவதி பாக்கெட்ட நீட்டுனாங்க, செம கோவம் வந்துச்சு, உள்ள உயிரே இல்லாத பவுடருக்கு எதுக்குங்க காசு? வேளாண் பல்கலைக்கழகத்துலயே தயாரிச்சு விக்கிறாங்க. 1 கிலோ மாடித்தோட்டத்துக்கு ரொம்ப ஜாஸ்தி, ரெண்டு மூணு பேரா சேந்து வாங்கி பிரிச்சுக்கோங்க.