வால்வு செட்டுக்குப் பக்கத்தில் ஒரு உள்ளங்கை ஆம்ப்ளிஃபயர்

கும்பகோணம் வீட்டுக் கூடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: அப்பாவின் வால்வு ஆம்ப்ளிஃபயர் (இஎல்84 என்ற கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடுவது), ஆன்லைனில் 2,000 ரூபாய்க்குள் வாங்கிய உள்ளங்கை அளவு கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் பெட்டி (மின்சாரத்தை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து ஒலியைப் பெருக்கும் வகை).

சின்னதற்குள் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் வர 21 வோல்ட் வேண்டும். கூட வந்த 12 வோல்ட் அடாப்டரில் அந்த 50 வாட்டில் பாதிகூட வராது, இரைச்சல் வேறு. பழைய 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரை மாட்டியதும் பெட்டிக்கு உயிர் வந்தது.

ஒலிக்கு வருவோம். தவிலில் சின்னப் பெட்டிதான் ஜெயிக்கிறது. தொப்பி (தவிலின் இடப்பக்கம்) அடி இறுக்கமாக விழுந்து உடனே நிற்கிறது. வால்வில் அதே அடி கொஞ்சம் ஊதிப்போகிறது. ஆனால் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவைப் போட்டால் கதையே வேறு. கிளாஸ்-டியில் தட்டின் கரகரப்பு முன்னால் வந்து நிற்கும். நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி காதைக் குத்தும். வால்வில் அந்த முனை மழுங்கி, கார்வை (ஒரே ஸ்வரத்தில் நிற்கும் நீட்டல்) நீள்கிறது. துல்லியம் குறைவுதான், இருந்தாலும் எனக்கு அதுதான் நாதஸ்வரம்.

அக்னி நட்சத்திரத்தில் வால்வு செட் கூடத்தையே சூடாக்கிவிடும். சின்னது தொட்டால் வெதுவெதுப்புத்தான், கரண்ட் போனாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். தினப்படிக்கு அதையே வாங்குங்கள்.

வால்வு செட் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் இணைக்காமல் பாட்டுப் போட வேண்டாம். வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.