உப்புவெளியில் எண்ணெய் போட்ட கதை

வெளிநாட்டிலிருந்து திருகோணமலைக்கு வரும் எங்களவர்கள் இப்போது கடலையும் கோணேசர் கோயிலையும் மட்டும் தேடி வருவதில்லை. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை தெருவோரம் ஆயுர்வேதம், மூலிகை நீராவி, மூட்டுப் புத்துணர்ச்சி என்று பலகைகள் தொங்குகின்றன. நாரியும் முழங்காலும் உளையத் தொடங்கிய வயதில் அவற்றைக் கண்டும் ஓட்டோவை நிறுத்தாமல் போவதற்குத் தனி வைராக்கியம் வேண்டும். கனடாவிலிருந்து போன என் பயணத்தின் மற்றைய ஏற்பாடுகள் குறையில்லாமல் நடந்ததால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது உப்புவெளியில் நான் நுழைந்த ஓர் எண்ணெய்ச் சிகிச்சை நிலையம்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் என் பெயரையும் நாட்டையும் கேட்டார். பிறகு, காசா கார்ட்டா என்று கேட்டார். எனக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. பிரஷருக்கு ஒரு மாத்திரையும், இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லாததால் இரத்தம் உறையாமல் இருக்க இன்னொரு மாத்திரையும் எடுக்கிறேன். இவற்றுள் ஒன்றையாவது அறிய வேண்டும் என்ற எண்ணம் அந்த மேசைக்கு வரவில்லை. நானாகச் சொல்லத் தொடங்கியபோது, "பிரச்சினை இல்லை மெடம், எல்லாம் மூலிகைதான்" என்று பேச்சை முடித்துவிட்டு, டொலரில் விலை போட்ட அட்டையை என் பக்கம் திருப்பிவைத்தார்.

எண்ணெய் போட வந்த பிள்ளை கைதேர்ந்தவள். முதலில் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். தோளிலும் முதுகிலும் அவள் கை ஓடியவிதம், சனிக்கிழமைகளில் அம்மா எங்களைப் பலகையில் இருத்தி நல்லெண்ணெய் வைத்த நாட்களை நினைவுக்குக் கொண்டுவந்தது. முழங்காலுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஓடும் தழும்பைக் கண்டதும் அவளுடைய உள்ளங்கை அந்தரத்தில் நின்றது. "அன்ரி, இது ஒப்பரேஷன் செய்ததோ? உள்ளுக்குள்ள இரும்பு கிடக்கோ?" என்று கேட்டாள். ஆமென்றதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். திரைக்கு அப்பால் மேலாளரின் குரல் எனக்குத் தெளிவாகவே கேட்டது: "பக்கேஜில இருக்கிறதச் செய்யுங்கோ, லேசாப் போட்டு விடுங்கோ." திரும்பி வந்தவள் அந்த முழங்காலைத் தொடவேயில்லை. அந்தக் கட்டடத்தில் வைத்திய அறிவு என்று ஏதாவது இருந்தால் அது அவளிடம்தான் இருந்தது.

அடுத்தது தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்காரும் மரப்பெட்டி. நீராவி இரத்தக் குழாய்களை விரியவைத்து அழுத்தத்தை இறக்கும். பிரஷர் மாத்திரை போட்டிருப்பவர் பெட்டிக்குள்ளிருந்து சடுதியாக எழுந்தால் தலைசுற்றி விழலாம். உறைதலைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்கு விழுகை சாதாரணக் காயத்தோடு முடியாமலும் போகலாம். வேண்டாம் என்றேன். பெட்டியில் உட்காராவிட்டாலும் பெட்டிக்கான காசு கழிக்கப்படமாட்டாது என்றார்கள்.

காசு போனது கூடப் பரவாயில்லை. பற்றுச்சீட்டுக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கனடாவில் என் காப்புறுதிக்கு மசாஜ் செலவைக் காட்டுவதென்றால், செய்தவரின் பெயரும் பதிவிலக்கமும் சீட்டில் இருக்க வேண்டும். இவர்கள் தந்த துண்டில் ஹேர்பல் சேர்விஸ் என்றும் ஒரு தொகையும் மட்டும் இருந்தன. யார் செய்தது என்று எழுதித் தாருங்கள் என்றேன். "அது எங்கட ஸ்டாஃப் மெடம்" என்றார். அவருக்கு எந்த வைத்தியர் பொறுப்பு என்றேன். "அவர் கிழமையில ஒருக்கா வருவார்." எந்தக் கிழமையில் என்று கேட்க வாயெடுத்தேன், வெளியே காத்திருந்த மச்சாள் கையைப் பிடித்து இழுத்துவிட்டா.

கனடாவில் நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் மசாஜ் என்பது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில். 1991ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. அங்கே நோய் வரலாற்றைக் கேட்டு, சம்மதம் வாங்காமல் உடம்பில் கை வைக்கமாட்டார்கள். ஆனால் அந்த ஒழுங்கு எங்களுக்கும் புதிதல்ல என்பதே என் ஆதங்கம். சின்ன வயதில் எங்கள் பரியாரியார் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, மலசலம், நித்திரை, முதல்நாள் சாப்பாடு எல்லாம் விசாரித்த பிறகுதான் தைலப் போத்தலைத் திறப்பார். இலங்கையிலும் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்கும் வைத்தியர்களைப் பதிவுசெய்ய 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறார்கள். படித்த பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில் இருக்க, வாடிக்கையாளரிடம் நாலு கேள்வி கேட்க ஆளில்லையாம்!

கோபம் ஆறாத என்னை மச்சாள் மறுநாள் ஓர் அரசாங்கச் சித்த வைத்தியரிடம் கூட்டிப்போனா. வரிசை நீளம், விசிறி சுற்றவில்லை, கட்டணம் எதுவுமில்லை. இளம் பெண் வைத்தியர், என் மாத்திரைப் பெட்டியை மேசையில் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பெயரை வாசித்து எழுதிக்கொண்டார். பிறகு, கதிரையில் கையை ஊன்றாமல் எழும்பி இருக்கச் சொன்னார். சில தடவைகளிலேயே வலதுகால் நடுங்கத் தொடங்கிவிட்டது. "அம்மா, உங்களுக்கு எண்ணெய் இல்லை, தொடைத் தசைதான் குறைஞ்சு கிடக்கு" என்றார். மூட்டு மாற்றிய பின் தொடையின் முன்தசை பலமிழப்பதும், அதைப் பயிற்சியால்தான் மீட்க முடியும் என்பதும் ரொறன்ரோவில் என் இயன்மருத்துவர் சொல்லிச் சலித்த பாடம். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை இன்னும் வேகமாகக் கரையும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கிழமையில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகள் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தைலத்தை வேண்டுமானால் தோளுக்கு இளஞ்சூட்டில் போடலாம், மாற்றிய மூட்டை அழுத்தித் தேய்க்கவேண்டாம், உள்ளுக்கு எந்த மூலிகைக் கஷாயமும் உங்கள் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்றார் அந்தச் சித்த வைத்தியர். அந்தக் கடைசி வசனத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போனோம். அங்கிருக்கும் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றினோம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வெந்நீர் இறுகிய தசையை இளக்கும், அவ்வளவுதான். மூட்டுத் தேய்வை அது மாற்றும் என்று பக்கத்தில் குளித்தவர் சாதித்தார், நான் வாதிடவில்லை.

மிச்ச நாட்களில் விடியற்காலையில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் மலை ஏற்றத்தை மெல்ல மெல்ல ஏறி இறங்கினேன். வழியில் மான்கள் மறிக்கும்போது மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கதிரைப் பயிற்சியை மச்சாளும் சேர்ந்து செய்தா. என்னைவிட ஆறு வயது மூத்தவ, கையே ஊன்றாமல் எழும்புகிறா. நாள்முழுக்கக் குந்தியிருந்து தேங்காய் துருவி, முற்றம் கூட்டும் உடம்பு அது.

வைத்தியர் சொன்ன எல்லாவற்றையும் கடைப்பிடிக்கிறேன், பத்தியத்தைத் தவிர. கத்தரிக்காயை விலக்கச் சொன்னார். முழங்காலுக்கும் கத்தரிக்காய்க்கும் என்ன வழக்கு என்று எனக்கு விளங்கவில்லை. மச்சாள் பொரித்துக் காய்ச்சும் கத்தரிக்காய்ப் பால்கறியை அதற்காக விடுவதாகவும் இல்லை.